யாரும் போகாத நட்சத்திரத்துக்குப் போகும் வழியில்

பெரும் மதிப்புக்குரிய சேஷகிரி மாவய்யாவுக்கு,

தெனாலியிலிருந்து உங்கள் அக்கா மகள் சுவர்ச்சலா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். நான் பரீட்சைக்குப் படிக்க நீங்கள் கொடுத்த கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருகிறீர்களாம். தயவுசெய்து ஒரு வாரம் பொறுக்க வேண்டும். நேரில் கேட்கக் கூச்சம், அதனால் கடிதம்.

அதிலிருக்கும் விண்வெளி விளையாட்டில் கப்பலோட்டி நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகலாம். ஒரு நட்சத்திரத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவரின் பெயர் அதன்மேல் நிலைத்துவிடும். பிறகு யார் வந்தாலும் அந்தப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அதற்காக நீங்கள் வைத்த ஃபிளெக்ஸில் நீங்கள், நாயனா, எம்.எல்.ஏ., அவர் தம்பி எல்லோரும் இருந்தீர்கள். இடம் போதாமல் என் பெயர் விட்டுப்போயிற்று. குறையாகச் சொல்லவில்லை. ஓரிடத்திலாவது இருக்கட்டுமே என்றுதான் தேடினேன்.

போன இடமெல்லாம் யாரோ ஒருவர் பெயர். பின்னால் நின்று பார்த்த அம்மா, "இம்புட்டு தூரம் வந்தும் சொந்தக்காரங்க வீடு ஒண்ணுகூட இல்லையேடி" என்றாள். கடைசியில், வரைபடத்தின் ஓரத்தில், பெயரில்லாத ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கிளம்பப் போகிறேன், கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரங்கநாயகம்மா, "எங்கேம்மா கிளம்பிட்டே?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், மிளகாய் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்த நாயனா செருப்பைக்கூடக் கழற்றாமல், "போற முகத்துல எங்கேன்னு கேட்டாச்சு! எறங்கு தல்லி, உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். எறங்கணும்னா கப்பலைத் திருப்பிக்கொண்டு பழைய நிலையத்துக்கே வரணும், வந்தேன், குடித்தேன், மறுபடி கிளம்பினேன், பாதி வழியில் அதே விளையாட்டை ஆடும் டோபியாஸ் என்று எந்த நாட்டுக்காரரோ, எங்கே போகிறீர்கள் என்று திரையில் எழுதிக் கேட்டார்.

"திருப்பு" என்றார் நாயனா.

"மறுபடியுமா?"

"உங்க மாவய்யா திரும்பாமத்தானே போனாரு? பைக்கோட கால்வாயில கெடந்தாரு."

திரும்பினேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று, போகுமிடத்தையும் வழியையும் அவருக்குத் தெளிவாக எழுதி அனுப்பினேன். தம்ளரைக் கீழே வைப்பதற்குள் அந்த நட்சத்திரத்தின்மேல் டோபியாஸ் பெயர். "நல்ல இடம், நன்றி" என்று செய்தியும் வந்தது.

ஆகவே இன்னும் ஒரு வாரம். அத்தைக்கும் தங்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருக வேண்டுகிறேன்.

பணிவுடன்,
சுவர்ச்சலா, பி.காம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்னொரு நட்சத்திரம் கிடைத்துவிட்டது. நாயனா வாசலைப் பூட்டி அம்மாவைப் பேச விடாமல் பார்த்துக்கொண்டார். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. முதலில் போய்ச் சேர்ந்தேன். விளையாட்டைத் தொடங்கும்போது நீங்கள் உங்கள் பெயரில் பதிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. திரையில் 'சேஷகிரி ராவ்' என்று வந்துவிட்டது, மாற்ற முடியாதாம். வாழ்த்துகள் மாவய்யா. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வந்து எடுத்துப்போகலாம்.