முக்கியக் கேள்விக்காரர்கள்

ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். சிலர் அட்டையைப் பார்ப்பார்கள், சிலர் முகர்ந்து பார்ப்பார்கள். இன்னும் சிலர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பழம் கனிந்துவிட்டதா என்று பார்க்கிறவர்களைப் போல அழுத்தித் தடிமன் பார்ப்பார்கள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு கேள்வி: "இதுல எது முக்கியம்?" பல வருடங்களாக இந்த அழுத்தலைப் பார்த்து வந்தவர்களுக்கு அந்தப் பெருமூச்சே போதும், எதிரில் நிற்பது முக்கியக் கேள்விக்காரர் என்று தெரிந்துவிடும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. திருக்கோவிலூர்க் கோயிலுக்குப் போனால் எந்தச் சன்னதி முக்கியம் என்று விசாரித்து, அங்கே மட்டும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் இவர்கள். டாக்டர் நாலு மாத்திரை எழுதிக் கொடுத்தால், மருந்துக்கடைக்காரரிடம் "இதுல முக்கியமானதை மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்களும் இவர்களே. ஆனால் இவர்களைச் செழிப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் துணைத் தேர்வுக் காலத்தில், அதுவும் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து தானாகவே படிக்கிறவர்கள் நடுவில் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் இருந்தவரை வாத்தியார் என்று ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதட்ட யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கம் புத்தகம், ஒரு பக்கம் ஆள். இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

சோம்பேறிகள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இவர்களைப் போல உழைக்கிறவர்கள் கிடையாது.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தேவிப்ரியாவையே எடுத்துக்கொள்வோம். மற்ற பாடமெல்லாம் தேறி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்று மட்டும் காலை வாரிவிட்டிருந்தது. அவளுடைய அம்மா மணிமொழி அதிகம் பேசுகிறவள் இல்லை. கரும்புக்குக் களை வெட்டிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே ஒரே தடவை சொன்னாள்.

"பாஸ் பண்ணா காலேஜு. இல்லன்னா திருப்பூர் கம்பெனி. மாமா அங்க ஆள்கிட்ட சொல்லி வச்சிக்கினு இருக்காரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

தேவிப்ரியாவுக்குத் திருப்பூர் போக விருப்பமில்லை. கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு, தோளில் பை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. என்ன நிறத்துப் பை என்பதுவரை முடிவாகியிருந்தது. ஆகவே அன்றைக்கே படிக்க உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து என்ன செய்தாள்? பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்தாள். மார்ச்சில் வந்தவை, ஜூனில் வந்தவை, அரையாண்டில் வந்தவை, வேறு மாவட்டத்துத் திருப்புதல் தேர்வில் வந்தவை என்று போனில் கிடைத்ததையெல்லாம் இறக்கி, அறைக்கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு, எந்த வருடம் எந்தப் பாடத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தது என்று நிரப்பி, அதை வருடப்படி ஒரு தடவை, பாடப்படி ஒரு தடவை, மதிப்பெண்படி ஒரு தடவை மாற்றி மாற்றி அடுக்கினாள். இப்படி அடுக்கித் தேடி எடுப்பதற்குப் பெயர்தான் தரவுத்தளம். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் இந்தத் தடவை வராது என்று கதவு சொல்லிவிட்டதால் அவள் அதைத் திறக்கவில்லை.

கட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள். ஒன்று என்றால் வரலாம். இரண்டு என்றால் வரும். மூன்று என்றால் கேள்வித்தாள் அடிக்கிறவரே நினைத்தாலும் தடுக்க முடியாது.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கே?" என்று மணிமொழி எட்டிப் பார்ப்பாள்.

"படிச்சிக்கினு இருக்கேம்மா."

"புக்கு மூடியே கெடக்குது?"

"எது வரும்னு பாத்துக்கினு இருக்கேன்."

"இன்னா, மழையா? உங்கப்பாதான் கல்வராயன் மலையைப் பாத்துக்கினு வரும் வரும்னு சொல்லிக்கினு இருப்பாரு. அவருக்குத் தப்பாத பொறந்திருக்கே."

தாய்மாமா ராஜாங்கம் வந்தபோது அவருக்கு வேறொரு சந்தேகம்.

"ஏம்மா, வூட்ல கம்ப்யூட்டரே இல்ல. கம்ப்யூட்டர் பரீட்சைக்கு எப்டிப் படிப்பே?"

"அதான் மாமா நல்லது. இருந்தா அதைப் போட்டுப் பாக்கறேன், இதைப் போட்டுப் பாக்கறேன்னு டைம்தான் வேஸ்ட்டாவும்."

ராஜாங்கம் சிரித்துவிட்டு, திருப்பூருக்கு ஒரு போன் போட்டு, அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவைத்தார்.

முக்கியக் கேள்விக்காரர்களின் தர்க்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வராத பாடத்தைப் படிப்பது வீண். சரிதானே? வரப்போகிற பாடமோ, அதுதான் வரப்போகிறதே, எங்கே ஓடிவிடப் போகிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இதுவும் சரிதானே? வராததையும் வருவதையும் இப்படி எடுத்துவிட்டால், இன்றைக்குப் படிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

கவியாவும் அதே தேர்வைத்தான் எழுத வேண்டும். கரியாலூர்ப் பக்கத்து மலைப்பெண். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது தேவிப்ரியாவுக்குப் பழக்கம், தோற்றதும் ஒன்றாகவே. வீட்டில் சாமைக்கொல்லை வேலை ஜாஸ்தி, நேரம் கம்மி. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போன் செய்வாள்.

"ஏய், என்னால முழு புக்கெல்லாம் முடியாதுடி. மூணு ஸ்டாரை மட்டும் சொல்லு."

"குமிழி வரிசையாக்கம், அதான் பபுள் சார்ட், எழுதிக்கோ. போன தடவை வரல, அதுக்கு முந்தியும் வரல. இந்த வாட்டி வந்தே தீரும்."

"சத்தியமா?"

"கதவு மேல சத்தியம்."

கவியா நம்பினாள். மூன்று நட்சத்திரக் கேள்விகள் ஏழெட்டைக் கையிலேயே எழுதிக்கொண்டு இறங்கிப் போய், அவற்றின் விடைகளை மட்டும் களையெடுக்கும்போது வாய்க்குள் சொல்லி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது சொல்லி, வேறு ஒரு பக்கத்தையும் புரட்டாமல் இருந்தாள். அவள் நம்பியதோடு விட்டாளா? இன்னும் பத்துப் பேரிடம் சொன்னாள். அவர்கள் பத்துப் பேரிடம் சொன்னார்கள். தேவிப்ரியாவின் போன் ஓயவில்லை. "அக்கா, எங்களுக்கு எக்கனாமிக்ஸுக்கும் ஸ்டார் போட்டுக் குடுங்க்கா" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் கெஞ்ச, அவளும் இரக்கப்பட்டு, தான் தேறிவிட்ட பாடங்களுக்குக்கூடக் கட்டம் போட்டாள். கதவில் இடம் போதாமல் பீரோவின் பக்கவாட்டுக்குப் போனாள். தேர்வுக்கு முதல் நாள் பொழுது சாயும்வரை சந்தேகம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்தபோது கொட்டாவி வந்தது. மூன்று நட்சத்திரம்தானே, எல்லாம் தெரிந்த கேள்விதானே என்று படுத்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் தேர்வு. கேள்வித்தாளைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே ஒரு மூன்று நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது. திருப்பினாள், இன்னொன்று. குமிழி வரிசையாக்கம் கடைசிப் பக்கத்தில், அவள் சொன்ன இடத்தில், சொன்ன மதிப்பெண்ணுக்கு. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு வரிசை முன்னால் கவியா தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா தன் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் போட்டு முடித்து, சாய்ந்து உட்கார்ந்தாள். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, எழுதலியா?"

அப்போதுதான் தேவிப்ரியாவுக்கு நினைவு வந்தது, இதற்கு விடையும் எழுத வேண்டும்.

கேள்வியை அழகாக எழுதினாள். அடிக்கோடிட்டாள். 'குமிழி வரிசையாக்கம் என்பது' என்று தொடங்கினாள். குமிழி எங்கிருந்து கிளம்பி எங்கே போகும்? எந்தெந்த வருடம் அது கேட்கப்பட்டது என்பது வரிசையாக நினைவில் நின்றது. பைத்தான் நிரல் ஒன்றுக்கு முதல் வரியும் கடைசி வரியும் தெரிந்தன. நடுவில் வருவது கட்டத்தில் இல்லை.

வெளியே வந்ததும் கவியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"தெய்வமே! அத்தனையும் வந்திச்சிடி! உன் வாயில சக்கரைதான் போடணும்!"

"வரும்னு சொன்னேன்ல," என்றாள் தேவிப்ரியா.

தேர்வு முடிவு வந்த அன்று அவளுக்கு விடாமல் போன் வந்தது. எல்லாம் நன்றி. முன்பின் தெரியாதவர்கள்கூடத் தேறியிருந்தார்கள். ஒரு பையன் அவளுக்காக மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தானாம். கவியா மேட்டில் நின்றுகொண்டு, "உனுக்கு எவ்ளோடி மார்க்கு?" என்று கத்தினாள். மலையில் இருந்தவளுக்குச் சிக்னல் நன்றாகவே இருந்தது. சமவெளியில் இருந்தவள்தான், "கேக்கலடி, சிக்னல் இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மணிமொழி ஈரத்துணியை எடுத்துவந்து, கதவைத் துடைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, அப்படியே விட்டுவிட்டுத் துணிமணி எடுத்து வைக்கும் பையைத் தட்டிக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். தேவிப்ரியா அதை வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் உடம்புக்கு எது நல்லது என்று எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு காலையில் எழுந்து நடக்காத உங்கள் வீட்டுக்காரர், எந்தப் பயிர் விலைபோகும் என்று ஊருக்கே சொல்லிவிட்டுத் தன் கொல்லையைத் தரிசாகப் போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், பிறகு, இவர்கள் இருவரையும் இப்போது சரியாக அடையாளம் கண்டுகொண்ட திருப்தியோடு, செய்ய வேண்டிய வேலை ஒன்றை அப்படியே போட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்... சரி, யாரென்று நான் சொல்லவில்லை.

கவியா கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகிறாள். தேவிப்ரியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். எந்தப் பனியன் கட்டைச் சூப்பர்வைசர் பிரித்துப் பார்ப்பார் என்று அவள் சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கிறதாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள், வருகிற மார்ச்சில் மறுபடியும் எழுதுகிறாள். இப்போதைக்கு முதல் பாடத்தில் இருக்கிறாள்.