ஒப்பரா ராசா இடறிய சப்பாத்து

பெண் கேட்டுப் போன வீட்டில் ஆண்பிள்ளை தேநீர் குடிக்க மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் கதைக்கவும் திறந்தேன்.

கனடாவுக்கு அகதிகளாக வந்து மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த எண்பதுகள் அவை. குகன் அண்ணை தன் தங்கை வதனிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்துபோனவனிடம் சொந்தமாகக் கார் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு குளிர்கோட்டு, அதுவும் அறை நண்பனுடையது. (அன்றைக்கு அவன் வெளியே போகவில்லை, பாவம்.)

"தம்பி, இஞ்ச வர முதல் ஜெர்மனியில என்ன செய்தனீர்?"

வதனி தேநீர்த் தட்டோடு வந்த நேரம் பார்த்தா கேட்பார்? "ஒப்பரா ஹவுஸில இருந்தனான் அண்ணை. மேடையிலதான் வேலை" என்றேன்.

பொய்யில்லை. அகதி முகாமில் சும்மா இருந்த எங்களை நகரசபை அங்கே தரை துடைக்க அனுப்பியது. மேடை என் பங்கு. வாசல் காவல்காரக் கிழவர் சொன்ன கதைகள் கைவசம் இருந்ததால் அள்ளிவிட்டேன். சிற்றரசர் ஒருவர் தன் விருந்தாளிகளுக்காகக் கட்டிய பாட்டு நாடகக் கொட்டகை அது. பிறகு ஊர்ச்சனம் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டது. ஒருமுறை மெழுகுதிரி விழுந்து எரிந்தது. உலக யுத்தத்தில் குண்டு விழுந்து சுவர் மட்டும் மிஞ்சியது.

"அப்பவும் அவை நிப்பாட்டேல்ல அண்ணை. பள்ளிக்கூட மண்டபத்தில பாடினவை. பாக்க வந்த சனம் காசுக்குப் பதிலா நிலக்கரி கொண்டுவந்து குடுத்ததாம், மண்டபத்தைச் சூடாக்க. பேந்து கல்லுக் கல்லாக் கட்டி எழுப்பினவை."

வதனி தட்டை வைக்க மறந்து நின்றாள். "எரிஞ்ச பிறகும் பாடினவையோ?" என்று கேட்டாள். இவளைக் கட்டாவிட்டால் நான் மனுசனாக இருந்து பிரயோசனமில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

என் கெட்ட காலம்! அதே ஒப்பராக் குழு மொன்றியலுக்கு வருவதாக மெட்ரோவில் விளம்பரம் ஒட்டினார்கள்.

"நல்லதாப் போச்சு" என்றார் குகன் அண்ணை. "ஞாயிற்றுக்கிழமை வதனியையும் கூட்டிக்கொண்டு வாறன். உம்மட ஆக்களை ஒருக்காக் காட்டும். பாத்திட்டு முடிவு சொல்லுறன்."

அரங்கத்தின் பின்வாசலுக்கு ஓடினேன். குழுவின் மேடை மேலாளர் என்னைக் கண்டதும், "அடே, துடைப்பக்காரன்!" என்று கட்டிப்பிடித்தார். ஈட்டியோடு நிற்க உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான் படைவீரன் ஆனேன். ராசாவுக்கு முன்னால் நடந்து வந்து அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதில் என்ன பிழை விட முடியும்? (முடியும்.)

ஞாயிறு பகல் காட்சி. மேல்மாடத்தில் அண்ணனும் தங்கையும். வாத்தியங்கள் முழங்கின. மேடை ஏறும் கணத்தில், சின்ன வயதிலிருந்து பழகியதைக் கால்கள் தாமாகவே செய்தன. சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்தேன். மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தேன். (ஒத்திகை நடந்தது கீழறையில். அது மேடையில்லையே!) மற்ற வீரர்கள் தடார் தடார் என்று வர, நடுவில் நான் பூனை மாதிரி வந்தேன். விளக்கு வெளிச்சத்தில் என் பெருவிரலைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஐயோ!

பின்னால் ராசா பாடிக்கொண்டு வந்தார். பீப்பா மாதிரி மனிதர். என் சப்பாத்தில் இடறி, தடால்! கிரீடம் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மகராசன், விழுந்து கிடந்தபடியே பாடினார். (குண்டுக்கே நிறுத்தாத கூட்டமல்லவா?)

ஈட்டியைப் பக்கத்து வீரனிடம் கொடுத்தேன். கிரீடத்தை இரண்டு கையாலும் எடுத்து, முழங்காலில் எழும்பிய ராசாவின் தலையில் பயபக்தியோடு வைத்தேன். கோயில் பழக்கத்தில் கும்பிட்டும் விட்டேன். அவர் என் தோளைப் பிடித்து எழும்பி, உச்சியில் ஒரு சுரம் பிடித்தார் பாருங்கள்! சனம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் கதையில் உள்ளது என்று நினைத்துவிட்டார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பின்வாசலில் குகன் அண்ணையும் வதனியும் காத்து நின்றார்கள். மேலாளர் வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குகன் அண்ணையிடம் ஆங்கிலத்தில் போட்டுடைத்தார்: "எங்கள் மேடையை இவனைப் போல ஒருவரும் துடைத்ததில்லை!"

போச்சு.

"துடைக்கிற வேலையோ?" என்றார் குகன் அண்ணை.

"ஓம் அண்ணை."

வதனிதான் கதைத்தாள். "துடைச்சவருக்குத்தானே அண்ணை அதின்ர அருமை தெரியும். அதுதான் சப்பாத்தோட ஏற மனம் வரேல்ல."

குகன் அண்ணை குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தார். (சப்பாத்து இன்னும் உள்ளே, ராசாவின் கோபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு கிடந்தது.)

"சரி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்ட வாரும். சாப்பிட்டிட்டு நாள் பாப்பம்."

கார்க்காரன் தோற்றான்! நான் அழுதேவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மகள், தான் கட்டப்போகும் கியூபெக் பொடியனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவன் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டே வாசலில் கிடந்த என் சப்பாத்தில் இடறிக் குப்புற விழுந்தான். எல்லோரும் பதறி ஓடினோம். சோபாவில் இருந்த குகன் அண்ணை மட்டும் அசையவில்லை.

"கிரீடத்தை எடுங்கோ" என்றார். "மாப்பிள்ளை வந்திட்டார்."