ஒன்பது பேரில் மூன்று பேர்

பள்ளியில் ஆசிரியர்கள் ஒன்பது பேர். தினமும் மூன்று பேர் வருவதில்லை. அதே மூன்று பேரும் இல்லை. ஆள் மாறும், கணக்கு மாறாது. இது எப்படி என்பதுதான் தலைமையாசிரியருக்குப் பிடிபடவில்லை.

விடுப்புக் கடிதத்தில் காரணத்தை விரிவாக எழுதச் சொன்னார். ஒரே மாதத்தில் நாற்பத்திரண்டு காய்ச்சல், பதினோரு பல்வலி. ஓவிய ஆசிரியரின் மாமனார் மட்டும் மூன்று முறை மாடிப்படியில் விழுந்திருந்தார்.

"இனிமே டாக்டர் சர்டிபிகேட் இல்லாம லீவு கிடையாது" என்றார் தலைமையாசிரியர்.

சர்டிபிகேட் வேலை செய்யும் விதமே தனி. ஒரு நாள் காய்ச்சலுக்கு எந்த டாக்டரும் முத்திரை குத்த மாட்டார். மூன்று நாள் ஓய்வு என்றுதான் எழுதுவார். மறுநாளே பள்ளிக்கு வந்து நின்றால் டாக்டர் பொய் சொன்னதாகிவிடும். டாக்டரின் மானம் காக்க எல்லோரும் மூன்று நாள் வீட்டில் இருந்தார்கள். மூன்று, நான்கானது.

அடுத்து, வராதவரின் வகுப்பை வந்தவர் தலையில் கட்டினார். இரண்டு வகுப்பை ஓர் அறையில் அடைத்தால் எண்பது பிள்ளைகள். எண்பது பேருக்கும் கேட்கக் கத்தினால் மாலைக்குள் தொண்டை போகும். தொண்டை போனவர் மறுநாள் வர மாட்டார். அவர் வகுப்பு அடுத்த தொண்டைக்குப் போகும். கடிகாரத்தின் பல்சக்கரம்கூட இவ்வளவு ஒழுங்காகச் சுற்றாது. நான்கு, ஐந்தானது.

"சார், எனக்குப் பேச்சே வரல" என்றார் கணக்கு டீச்சர், வெறும் காற்றாக.

"கைக்கு ஒண்ணும் இல்லையே? போர்டுல எழுதுங்கம்மா. அப்புறம், சாயங்காலம் மீட்டிங் இருக்கு."

"எதுக்கு சார்?"

"எல்லாரும் ஏன் லீவு போடறீங்கன்னு பேசத்தான். ஆறரை வரைக்கும்."

மறுநாள் ஐந்து, ஆறானது.

அன்றே கல்வி அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். "வியாழக்கிழமை வரேன். எட்டு பேருக்கு ஒருத்தர் குறைஞ்சாலும் உங்களை மலைமேல இருக்கற ஸ்கூலுக்கு மாத்திடுவேன். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம்தானே? அங்க காத்து நல்லா இருக்கும்."

அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ், பிறகு ஏற்றம். தலைமையாசிரியரின் முழங்கால் அலுவலக வாசலின் நான்கு படிக்கே முனகும். அலுவலர் வருவதைச் சொல்லலாமென்றால், பயத்தில் மீதி மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்துவிடும்.

மணியடிக்கும் உதவியாளர் அம்மாவைக் கூப்பிட்டார். "நான் கூப்பிட்டா யாரும் போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க எப்படியாவது வர வெச்சுடுங்கம்மா. அலுவலர் பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

"அதை விடுங்க சார், நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை ஒன்பதுக்கு ஒன்பது! ஓவிய ஆசிரியர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். கணக்கு டீச்சரின் குரல் தெருவிலிருந்தே கேட்டது. வாசலில் தலைமையாசிரியரைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் திடுக்கிட்டு நின்றார்கள். 'பயபக்தி' என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"பிரமாதம்!" என்றார் அலுவலர். "உங்க வழியை எழுதிக் குடுங்க. எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பலாம்."

அலுவலர் போனதும் தலைமையாசிரியர் எழுத உட்கார்ந்தார். கடிதம், சர்டிபிகேட், மீட்டிங் என்று இரண்டு பக்கம் நிறைந்தது. ஒன்றையும் விட்டுவிடக் கூடாதே என்று உதவியாளர் அம்மாவைக் கேட்டார்.

"ஆமா, நேத்து போன்ல அவங்ககிட்ட என்னம்மா சொன்னீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல சார். நாளைக்கு நீங்க லீவுன்னு சொன்னேன்."