முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு

கடையை வாடகைக்கு விடுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. முகத்தை வைத்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வாக்கியத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். “முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு.” கொரியாவில், எங்கள் பூசான் நகரச் சந்தைத் தெருவில் இந்த இனத்தின் தலைமகன் பியோ தோக்சு. என் குடைக் கடைக்கும், பக்கத்தில் போங் மால்சுன் அக்காவின் நூடுல்ஸ் கடைக்கும் அவர்தான் ஓனர். குடியிருப்பது மாடியில்.

அக்கா கடை திறந்த அன்று, வழக்கப்படி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் கொடுத்தார். ஓனர் ஒரு கையால் கேக்கைத் தின்றுகொண்டே மறு கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கீல் கிறீச்சிட்டதும் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓனர் பிறப்பதற்கு முன்பே கிறீச்சிட்ட கீல் அது. ஆனாலும் முன்னாடி நல்லாத்தான் இருந்ததாம்.

இந்த இனத்தாருக்கு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு மட்டும் தலைகீழ்ப் பாடம். கடைக்குள் எது சேதமானாலும், காரணம் யாராக இருந்தாலும், ஓனருக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லாமல் வாடகைக்காரரே முன்பிருந்தபடி ஆக்கித் தரவேண்டும். தவறினால் காலி செய்யவேண்டும். இதற்கு அக்கா எப்படிச் சம்மதித்து, கையெழுத்துக்குப் பதிலான தன் முத்திரையைக் குத்தினார்? நாமெல்லாம் குத்துவது போலத்தான். படிக்காமல்.

போன இலையுதிர்காலத்தில் ஓனர் ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கி, அதன் கழிவுக் குழாயை அக்கா கடைக் கூரையில் ஓட்டை போட்டு இறக்கினார். குழாய் ஒழுகியது. கூரை ஊறியது. ஒருநாள் நல்ல மதிய வியாபாரத்தில், கொதித்துக்கொண்டிருந்த நெத்திலிச் சாறு அண்டாவுக்குள் பாதிக் கூரை விழுந்தது.

ஓனர் இறங்கி வந்தார். தன் குழாயைப் பார்த்தாரா? அண்டாவைப் பார்த்தார்.

“ஆவி பட்டு ஊறிப்போச்சும்மா. முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு.”

பிறகு பிரிவை ஒப்பித்தார். வாரக் கடைசிக்குள் முன்பிருந்தபடி ஆகாவிட்டால் கடையைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு மாடியேறினார். அக்காவுக்கு இதை விட்டால் வேறு பிழைப்பில்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். எழுந்து போகும்போது, அந்தப் பிரிவை இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடம்.

மறுநாள் அக்கா கூப்பிட்ட கொத்தனார் வந்து குழாயை அறுத்தெறிந்து, ஓட்டையை அடைத்து, கூரையை வெள்ளைவெளேரென்று பூசிவிட்டுப் போனார். மாடியில் மெஷின் ஒரு சுற்று ஓடியது. சோப்பு நுரை ஓனரின் படுக்கைவரை போயிற்று. நனைந்த காலோடு ஓடிவந்தார்.

“ஏம்மா, என் குழாய் எங்க?”

“நான் வந்தப்போ குழாயும் இல்ல, ஓட்டையும் இல்லங்க ஓனரய்யா. முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னபடியே ஆக்கிட்டேன்.”

ஓனர் அந்த வெள்ளைக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, நனைந்த காலோடு மாடியேறினார்.

இப்போது அவர் அழுக்குத்துணி மூட்டையோடு தெருக்கோடிச் சலவைக் கடைக்கு நடக்கிறார். அக்கா கடையைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மழைக்கு உங்களிடம் குடை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தாரே, விரித்து, வளைந்த கம்பியைப் பார்த்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் குடைக் கடைக்காரன். அந்தக் கம்பி எப்போது வளைந்தது என்று எனக்குத் தெரியும்.