தையற்காரர் மேல் தப்பில்லை

மலாக்கா மாநிலத்திலேயே எலும்பைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை. தோட்டத்தில் ஆள் ஏற்றும் லாரி ஓட்டியவர். ரெம்பியாவில் நான் போகும் கிளினிக்கில் இருபத்தெட்டு நாற்காலிகள். கதவோரத்து முதல் நாற்காலி அவருடையது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே என்றால் மருந்து கொடுக்கும் பெண் வரை தெரியும்.

உள்ளே வருகிறவர் மூன்று அடி வைப்பதற்குள் வியாதியை அறிவித்துவிடுவார். கேட்டால்தான் சொல்வது என்ற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

"அக்கா, கொண்டை கோணலா இருக்கே. கையத் தூக்க முடியல, இல்ல? தோள்பட்டை இறுகிப் போச்சு."

"தம்பி, கால் கட்டைவெரல் பழமா வீங்கிருக்கு. நேத்து கோலா சுங்கை பாரு கடல்கரக் கடையில எறா எத்தன தட்டு? யூரிக் ஆசிட்லா!"

அக்கா கொண்டையை மூடினார். தம்பி காலை இழுத்துக்கொண்டான். டாக்டரும் அதையேதான் சொன்னார், நாற்பது நிமிடம் தாமதமாக.

"எந்தக் காலேஜில் படித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டேன்.

"லாரிக் கண்ணாடியில படிச்சேன். ஏறுறவன் காலப் பாத்தாலே போதும். பால்மரம் வெட்டுறவனுக்கு இடுப்பு. செம்பனைக் குலை அறுக்குறவனுக்குக் கழுத்து. மருந்து டாங்கி சுமக்குறவனுக்குத் தோளு. கிராணிக்கு மட்டும் ஒன்னுமில்ல. உக்காந்தே இருந்தா எது தேயும்? நாற்காலிதான் தேயும்."

இருபத்தெட்டில் பத்தொன்பது பேர் சிரித்தார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிறவன். விடியுமுன் வேலையாட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில் ஆள் எண்ணிப் பேர் பதிந்தவன். எண்ணும் பழக்கம் இன்னும் விடவில்லை.

அதனால் ஒன்று கவனித்தேன். எக்ஸ்ரேயின் வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வந்ததும் நம்பர் எடுப்பார். கூப்பிட்டால் எழ மாட்டார். யார் அதிகம் நொண்டுகிறாரோ அவருக்கு நம்பரைக் கொடுத்துவிடுவார். பதினோரு தடவை.

"நீங்களே உள்ளே போனால் என்ன?"

"போனா இடுப்பு மூட்ட மாத்தணும்பாங்க. இது வலியில்ல கிராணியாரே, ஸ்டைலு."

அந்த ஸ்டைலோடு கழிவறைக்குப் போக அவர் ஏழு நாற்காலிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் அதில் ஒன்று கைக்கு எட்டாமல் போனால் விழுவார். அந்த வயதில் இடுப்பு முறிந்தால் எழுவது கடினம். அடுத்தவர் எலும்பென்றால் இதை அவரே சத்தமாகச் சொல்லியிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து கோபமாகக் கிளினிக்குக்கு வந்தேன். முழங்காலுக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டிய புது ஜிப்பா முழங்காலை மூடியிருந்தது. தையற்காரரிடம் மூன்று முறை சண்டை போட்டாயிற்று. எக்ஸ்ரே முதன்முறையாக அவசரப்படாமல் பார்த்தார்.

"பழைய ஜிப்பா எப்படி நிக்கிது?"

"அதுவும் மூடுகிறது."

"தொவச்ச துணி சுருங்கும், வளராது. டெய்லர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. நீங்கதான் குட்டையாயிட்டீங்க. முதுகெலும்பு அமுங்குது. இந்தாங்க நம்பரு, ஓடுங்க."

உள்ளே அளந்தார்கள். இரண்டு அங்குலம் காணோம். எலும்பு மெலிந்து முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. இன்னும் தாமதித்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்றார் டாக்டர். ஊரையெல்லாம் எண்ணியவன், என்னை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அந்தக் காகிதத் துண்டு எக்ஸ்ரேயின் பன்னிரண்டாவது நம்பர்.

அடுத்த முறை அவர் நம்பரைக் கூப்பிட்டபோது, வழக்கம்போல் நொண்டுகிறவரைத் தேடினார். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"பதிமூன்றாவது தடவை. இதை யாருக்கும் தரக் கூடாது."

"எனக்கென்னலா வலி?"

"லாரிக் கண்ணாடியில் எல்லார் காலும் தெரிந்தது. ஓட்டுகிறவர் கால் தெரிந்ததா?"

எக்ஸ்ரே குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

"கூட வருவீங்களா?"

நாற்காலியிலிருந்து டாக்டர் அறைக்குப் பதினான்கு அடி. இரண்டு அங்குலம் இறங்கியிருந்த என் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். அவருக்கு அது சரியான உயரமாக இருந்தது.