லேபிள் ஒட்டினால் ஆயிற்று

வாசகரே, தேளைக் கண்டால் தள்ளி நிற்கிறவர்கள் ஒரு ரகம். தேளின் முதுகில் ‘தேள்’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, இனி அது கொட்டாது என்று பக்கத்திலேயே பாய் விரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்லப்போவது இந்த இரண்டாம் ரகத்தைப் பற்றி. லேபிள்காரர்கள் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அலமாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நம்மாள் பாதுகாப்பு அதிகாரி. ஆபத்தான கழிவென்றால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே எழுதியிருக்க வேண்டும், கெடு முடிவதற்குள் அதற்கென்று அனுமதி பெற்ற வண்டியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். இதில் நடுவில் உள்ளது மட்டும்தான் நம்மாளுக்குப் பிடித்தது. மூடியை முறுக்கினால் கை வலிக்கும். வண்டி வேண்டுமென்றால் முதலாளியிடம் போய் நிற்க வேண்டும். லேபிளுக்கு என்ன, பசை இருந்தால் போதாதா?

அதனால் ஒட்டினார். டின்னில் ஒட்டினார், டிரம்மில் ஒட்டினார், பெயின்ட் துடைத்த துணிகளைப் போடும் கூடையில் ஒட்டினார், கூடை இருக்கும் அறையின் கதவில் ஒட்டினார், ‘இந்த அறையில் லேபிள்கள் ஒட்டப்பட்டுள்ளன’ என்று தனியாக ஒரு லேபிள் அடித்துச் சுவரிலும் ஒட்டினார். கண் எரிகிறதென்று யாராவது வந்து நின்றால், “கண் எரியும்னு தெளிவா போட்டிருக்கேனே, படிக்கலையா?” என்பார். எரிச்சல் சட்டப்படிதான் நடக்கிறது என்று தெரிந்த பிறகு வந்தவர் என்ன செய்வார் பாவம், கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புவார். வீட்டையும் விட்டுவைக்கவில்லை. சமையலறை முழுக்கச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு மனைவி, “என் முதுகுல எப்போ ஒட்டப்போறீங்க?” என்று கேட்டாள். அதையும் யோசித்திருந்தார். தைரியமான வாசகம்தான் கிடைக்கவில்லை.

இப்படி இருக்கையில், ஆய்வுக்கு அரசு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஆய்வு தேறினால் நம்மாளுக்கு மேனேஜர் பதவி, தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பெயின்ட் கொட்டகைக்குப் பின்னாலோ, பெயின்ட் கரைக்கும் தின்னரின் கழிவு டிரம்கள் கெடு தாண்டி ஹாயாக உட்கார்ந்திருந்தன. ஒன்றில் பாதி, ஒன்றில் கால், ஒன்றில் அடியில் கொஞ்சம். வண்டி பிடிக்க நேரமில்லை. நம்மாள் தலையைச் சொறிந்தார். பிறகு பழைய லேபிள்களைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று புதிதாக ஒட்டினார்: ‘காலி’. கழிவே இல்லையென்றால் கெடு ஏது? கெடு இல்லையென்றால் குற்றம் ஏது? அடடா, இந்த மூளையை இந்தச் சம்பளத்துக்கு விற்கிறோமே என்று தன்மேலேயே இரக்கம் வந்துவிட்டது அவருக்கு.

அதிகாரி அம்மா வந்தார். மெதுவாக நடந்தார், ஒவ்வொரு லேபிளாகப் படித்தார். “ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க சார்” என்றார். நம்மாள் ஒரு சுற்றுப் பெருத்தார். முதலாளியின் முகத்தில் மேனேஜர் பதவி தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரம் உருளும் சத்தம்.

உருட்டியவன் நம்மாளின் மச்சினன். அங்கேயே வெல்டர். காலையில் இவர்தான் அவனிடம், “ஏதாவது காலி டிரம்மை ரெண்டா வெட்டி, தீயணைக்க மணல் தொட்டி பண்ணுடா, மேடம் பாக்கட்டும்” என்று சொல்லியிருந்தார். சொன்னதையே மறந்துபோனார். அவன் மறக்கவில்லை. இருந்ததில் லேசானதாகப் பார்த்து எடுத்திருந்தான். அடியில் துளி தின்னர், மற்றபடி டிரம் நிறைய ஆவி. ஒரு பொறி பட்டால் போதும், மச்சினனைக் கூரையில்தான் தேட வேண்டும்.

நம்மாள் ஜன்னலுக்குப் பாய்ந்தார். அப்போதும் பாருங்கள், முதலில் வாயில் வந்தது உண்மை அல்ல.

“டேய், போய் டீ குடிச்சிட்டு வாடா!”

“வெட்டிட்டு வரேன் மாமா!”

“அது வேணாம்டா, வேற டிரம் எடு!”

“எல்லாத்துலயும் காலின்னுதான் மாமா போட்டிருக்கு!” என்றபடி அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். வெட்டும் மிஷின் வீலென்று கத்தத் தொடங்கியது.

“காலி இல்லடா! தின்னர்டா! பொய்டா அது! கையை எடுடா!”

அலறிக்கொண்டே ஓடினார். பதவி, அதிகாரி, முதலாளி எதுவும் கண்ணில் படவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்த இழுப்பில் சுவிட்ச் பலகையே கையோடு வந்தது. மிஷின் அடங்கியது. மச்சினனைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதிகாரி அம்மா டிரம்மைப் பார்த்தார். “காலின்னு யார் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலா?”

“தெரிஞ்சுதான் மேடம் எழுதினேன்.”

மச்சினன் கண்ணாடியைக் கழற்றினான். “நீங்க எழுதினதாச்சேன்னு மோந்துகூடப் பாக்கல மாமா” என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள், பதவி போயிற்று, வேலையும் அன்றே போயிற்று. அதெல்லாம் அவருக்கு உறைக்கவேயில்லை.

சரி, சிரித்தது போதும் வாசகரே. உங்கள் குளியலறை மூலையில், தரை கழுவும் ஆசிட்டை ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும், சரிதான். ஆனால் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் தாகமெடுக்கிற ஆளா? இதை எழுதும்போது சந்தேகம் வந்து, நான் எழுந்து போய் எங்கள் வீட்டுப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே அழகாக அச்சடித்திருக்கிறது: ‘சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்’. நீங்களும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.