கத்திரி சார் அடிக்காத பத்தி

நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே மனிதர்கள் வாயைத் திறக்கப் பயந்த ஒரே இடம் எங்கள் பிளாக்தான். காரணம், எதிர் குவார்ட்டர்ஸ் கத்திரி சார். சுரங்கத்தில் கன்வேயர் ஃபோர்மேன். வெளியே வந்தால் உலகத்துக்கே எடிட்டர். கதை எழுதுகிறவர் என்பதால் அடுத்தவர் பேச்சில் ஒரு சொல் கூடினாலும் தாங்கமாட்டார், கத்தரித்துவிடுவார்.

துக்க வீட்டையும் விட்டதில்லை. பக்கத்து வீட்டு செல்வராசு தன் மாமனார் இறந்தபோது, "தங்கமான மனுசன் சார், ரொம்ப நல்லவரு" என்று அழுதார். கத்திரி சார் அவர் தோளைத் தட்டி, "தங்கமானவருன்னாலே நல்லவருதான் செல்வராசு. ஒண்ண எடுத்துடுங்க" என்றார். செல்வராசுவுக்கு அழுகையே நின்றுவிட்டது.

ஆனால் இவர் கதைகள்? நிலா வந்தால் அது 'வெண்ணிற வெள்ளி நிலா'. மழை பிடித்தால் முழுப் பக்கம் பெய்யும். கதாநாயகன் பஸ் ஏறுவதற்குள் வாசகனுக்கு நரை விழுந்துவிடும்.

கிளப் ஆண்டு மலரில் தன் கதை ஒன்றாவது வரவேண்டும் என்பது அவருடைய ஆயுள் ஆசை. வேலையில் இருப்பவர்கள் மட்டுமே அதில் எழுதலாம். அவருக்கோ அந்த மாதத்தோடு ரிட்டயர்மென்ட். மலர்க் குழு ஒன்பது பக்கக் கதையைத் திருப்பி அனுப்பியது: இரண்டு பக்கமாக்கி மறுநாள் காலைக்குள் தந்தால் போடுகிறோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. செல்வராசு புதன் என்பார்; அவருக்குக் கிழமை நிற்காது. சாயங்காலம் எங்கள் இருவரையும் கத்திரி சார் கூப்பிட்டார்.

"எனக்குக் கை வரலீங்க. நீங்களே அடிச்சிடுங்க."

செல்வராசு பேனாவைப் பிடுங்காத குறை.

"வெள்ளி நிலான்னாலே வெள்ளைதான சார். ஒண்ண எடுத்துடலாமா?"

"எடுங்க."

"மழை இன்னாத்துக்கு ஒரு பக்கம் பேஞ்சிகினே இருக்குது?"

"நிறுத்துங்க."

பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி நாற்காலிக் கையைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கு மேல் ஒரு பத்தி மட்டும் மிஞ்சியது. செல்வராசு உரக்கப் படித்தார். கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிகிறது. ஒருத்தி அதைத் திரும்ப அலசிக்கொண்டே, ஷிப்ட் முடிந்து வரும் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறாள். கதை என்னவோ முத்தாண்டிக்குப்பத்தில் காணாமல் போன எருமையைப் பற்றியது.

உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜா அக்கா குரல் கொடுத்தார்: "ஏங்க, எருமைய தேடிகினு போறவன் கதையில துணி துவைக்கிறவ எதுக்குங்க? எடுத்துடுங்க."

கத்திரி சார் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "அது இருக்கட்டும்."

"கதைக்கு ஒட்டலீங்களே" என்றார் அக்கா.

"ஒட்ட வேணாம்."

சொல்லிவிட்டு, எருமை கிடைக்கிற முடிவையே முழுசாக அடித்தார். இடம் சரியாகிவிட்டது. சரோஜா அக்கா வெளியே வந்து அந்தப் பத்தியைத் தாமே ஒருமுறை படித்தார். பிறகு பின்பக்கத்துக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனார். கதையில் வந்தது யாருடைய கொடி என்று எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது.

கதை வந்தது. "எருமை என்னா சார் ஆச்சு?" என்று சுரங்கமே கேட்டது. "தேடிகினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

அந்த மலரை எடுக்கும்போதெல்லாம் நான் எருமையைத் தாண்டி நேராக அந்தப் பத்திக்குத்தான் போகிறேன். அதில் எடுப்பதற்கு எனக்கு ஒரு சொல்கூட இதுவரை கிடைக்கவில்லை.